இடப்பக்கம் செயலிழந்த தந்தையைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எப்படி?

நாகலூர் மகள் (ஏற்காடு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் குடியிருக்கிறோம். என் தந்தைக்கு வயது 69. காப்பித் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். ஏழு வாரங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டு, இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பினோம். வீட்டுக்கு அனுப்பும்போது சக்கர நாற்காலி வாங்கிக்கொள்ளச் சொன்னார்களே தவிர, கட்டிலிலிருந்து அதில் எப்படி உட்கார வைப்பது என்பதை எவரும் ஒருமுறைகூடச் செய்துகாட்டவில்லை.

அப்பாவின் எடை 72 கிலோ. அம்மாவுக்கு வயது 61, எடை 48 கிலோ. நான் பள்ளிக்கூட வேலை முடிந்து வீடு வந்து சேர மாலை நாலரை ஆகிவிடும் என்பதால், பகல் முழுவதும் அம்மாதான் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். அப்பா கட்டில் விளிம்பில் வலக்கையை ஊன்றிக்கொண்டு ஐந்து நிமிடம்வரை தானாகவே உட்காருகிறார். சொல்வது எல்லாம் புரிகிறது. வலக்காலில் நல்ல வலு இருக்கிறது. ஆனால் தம் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் அடிக்கடி மறந்துவிடுகிறார். தட்டில் இடப்புறம் இருக்கும் சோறு அப்படியே மிஞ்சிவிடுகிறது. இருமுறை இடக்கை விரல்கள் நாற்காலிச் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே போய்விட்டன.

இதுவரை நாங்கள் செய்துவரும் முறை இதுதான்: அப்பா தம் வலக்கையை அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார், அம்மா அவருடைய இரு அக்குள்களிலும் கைகொடுத்துத் தூக்குவார், நான் இருந்தால் இடக்கையைப் பிடித்து இழுப்பேன். சென்ற வியாழக்கிழமை நான் இல்லாத நேரத்தில் இப்படித் தூக்கும்போது நாற்காலி பின்னால் நகர்ந்துவிட்டது. அப்பா இருக்கையின் விளிம்பில் பட்டுத் தரையில் சரிந்தார். எலும்பு முறிவு இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டோம். ஆனால் அன்றிலிருந்து இடத் தோளில் வலி என்கிறார். அம்மாவாலும் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. அப்பாவை எழுப்பவே இப்போது எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய தோட்டத்து வீடு, சிவப்பு ஆக்சைடு தரை, குளிருக்காக அப்பா எப்போதும் கம்பளிக் காலுறை அணிந்திருப்பார். கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. படுத்தால் அவருடைய வலப்பக்கம் சுவர். நாற்காலியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், அம்மா ஒருவரால் இதைச் செய்ய இயலுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இயன்முறை மருத்துவர், அஸ்தம்பட்டி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு செய்தி எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது: அவர் தானாக உட்காருகிறார், சொன்னது புரிகிறது, வலக்கால் தாங்குகிறது. இந்த மூன்றும் இருக்கும் ஒருவரைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. அவரை எழ விட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் கீழே எழுதியிருப்பதை வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் தோளைப் பற்றிச் சொல்கிறேன். தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது. கையின் எடையைத் தாங்கி மூட்டை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பவை சுற்றியுள்ள தசைகளே. பக்கவாதத்தில் அவை தளர்ந்துவிடுவதால் கை தன் எடையாலேயே கீழிறங்கி, தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் அமுங்கும் அளவுக்குப் பள்ளம் விழுவதுண்டு. அந்த நிலையில் கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கைகொடுத்து உயர்த்துவதும் மூட்டை மேலும் நழுவச் செய்யும். வலி தொடங்கிவிட்டதால் தோளை ஒரு மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். அதுவரைக்கும் அதற்குப் பிறகும் இடக்கையை இழுப்பது என்பது உங்கள் வீட்டில் அறவே கூடாது. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை மடிமீதுள்ள தலையணையில் இருக்கட்டும், தொங்க வேண்டாம்.

அடுத்து அம்மாவின் இடுப்பு. அமெரிக்காவின் பணியிட நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 2007-ஆம் ஆண்டில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் நோயாளியின் உடல் எடையில் 35 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவுக்கு மேல் கையால் தாங்கக் கூடாது என்று கணக்கிட்டுக் காட்டினார். உங்கள் தந்தையின் எடை 72 கிலோ. மிச்சமுள்ள 56 கிலோவையும் அவருடைய வலக்கால்தான் சுமந்தாக வேண்டும். அதைச் சுமக்க வைப்பதுதான் நம்முடைய வேலை.

அதற்கான வழி, அவரை முன்னால் சாய வைப்பது. நாற்காலியிலிருந்து எழும்போது நாம் எல்லோருமே முதலில் பாதங்களை முழங்காலுக்குப் பின்னே இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை குனிகிறோம். அப்போது பிட்டம் தானாகவே எழும்புகிறது. அக்குளில் கைகொடுத்து நேராக மேலே தூக்கினால் நோயாளி பின்பக்கமாகச் சாய்வார். அவருடைய முழு எடையும் தூக்குபவரின் முதுகில் இறங்கும். உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது இதுவே.

இப்போது நாற்காலி. விதி ஒன்றே ஒன்றுதான்: அவர் போக வேண்டிய இடம் எப்போதும் அவருடைய வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் வலப்பக்கம் சுவர் இருப்பதால் அவர் இடப்பக்கமாக இறங்கி உட்காருகிறார். அப்போது அவருடைய வலக்கைப் பக்கம் இருப்பது கட்டிலின் கால்மாடு. ஆகவே நாற்காலியைக் கால்மாட்டுப் பக்கம், தலைமாட்டைப் பார்த்தவாறு, கட்டிலோடு 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிறுத்துங்கள். திரும்பிக் கட்டிலுக்கு வரும்போது இதே நிலை உதவாது. அப்போது நாற்காலி கால்மாட்டைப் பார்த்து நின்றால்தான் கட்டில் அவருடைய வலப்பக்கம் அமையும். பெரும்பாலான வீடுகளில் போகும்போது சரியாகச் செய்துவிட்டு வரும்போது விழுகிறார்கள். நாற்காலியைத் திருப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

ஆனால் வலிக்கிற தோளின்மேல் உருண்டு இடப்பக்கமாக எழுவது எனக்கு உவப்பாக இல்லை. தலையணையை எதிர்முனைக்கு மாற்றிப் படுக்க வைத்தால் சுவர் இடப்பக்கம் போய்விடும். வலமுழங்கையை ஊன்றி அவராகவே எழலாம். அதைச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

நாற்காலியின் இரு பிரேக்குகளையும் போட்ட பிறகு, கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை தள்ளிப் பாருங்கள். காற்றடைத்த சக்கரமாக இருந்தால், காற்று குறையும்போது பிரேக் கட்டை டயரைத் தொடுமே தவிர இறுக்கிப் பிடிக்காது. வியாழக்கிழமை நாற்காலி நகர்ந்ததற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். கால்மிதிகளை மடக்குங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். அவற்றின்மேல் ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கமாகக் குடைசாயும். கட்டில் பக்கமுள்ள கைப்பிடி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிடலாம். கம்பளிக் காலுறையோடு சிவப்புத் தரையில் நிற்க வைப்பதை இன்றே நிறுத்துங்கள். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, ரப்பர் அடியுடைய செருப்பு வேண்டும். குளிர் என்றால் காலுறைக்கு மேலேயே அதை மாட்டலாம்.

பிடிப்பதற்கு ஓர் இடுப்புப் பட்டை தேவை. மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இரண்டு அங்குல அகலமுள்ள கெட்டியான பருத்தி நாடாவில் உறுதியான கொக்கி வைத்துத் தையற்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். சட்டைக்கு மேலே, இடுப்பெலும்புக்குச் சற்று மேலாக, இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கமாகக் கட்டுங்கள். வயிற்றில் உணவுக்குழாயோ அறுவைக் காயமோ இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது. வேட்டியையோ லுங்கியையோ பிடித்துத் தாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் அது அவிழ்ந்தால் உதவுபவர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கையை விட்டுவிடுவார். பகலில் அவருக்கு நாடா வைத்த கால்சட்டையே நல்லது.

இனி, அம்மா நிற்கும் இடம். அப்பாவுக்கு எதிரே, சற்று அவருடைய இடப்பக்கமாக நிற்க வேண்டும். அம்மாவின் வல முழங்கால் அப்பாவின் இட முழங்காலுக்கு எதிரே அணையாக இருந்தால், இடக்கால் மடங்கிச் சரியாது. அம்மாவின் இடப்பாதம் நாற்காலியை நோக்கித் திரும்பியிருக்கட்டும். இரு கைகளாலும் பட்டையைப் பக்கவாட்டில் உள்ளங்கை மேல்நோக்க இருக்குமாறு பற்றிக்கொண்டு, இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். அப்பாவை விளிம்புக்கு நகர்த்தி, இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். இடப்பாதம் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அவர் குனிந்து பார்த்துச் சொல்லட்டும். இடப்பக்கத்தை மறக்கும் நோயாளிக்கு இந்தக் கேள்வியே ஒரு பயிற்சி. பிறகு வலக்கையால் மெத்தையை ஊன்றி, முன்னால் சாய்ந்து, இரண்டு முறை மெல்ல ஆடி, மூன்றாவதில் எழ வேண்டும். எழுந்தவுடன் திரும்பக் கூடாது. ஒரு மூச்சு நின்று, முழங்கால் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, சின்னச் சின்ன அடிகளாகத் திரும்ப வேண்டும். அம்மாவும் அடியெடுத்து வைத்துத்தான் திரும்ப வேண்டும். பாதத்தை நட்டுவைத்துக்கொண்டு இடுப்பை முறுக்குவதுதான் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்குப் பெரிய தீங்கு. நாற்காலி முழங்காலின் பின்புறத்தில் படுவதை உணர்ந்த பிறகு அவர் வலக்கையை நீட்டி வெளிப்பக்கக் கைப்பிடியைப் பற்றி, மறுபடியும் முன்னால் குனிந்தவாறே மெதுவாக அமர வேண்டும்.

கழுத்தைச் சுற்றிக் கைபோடுவது வேண்டாம். அவர் தடுமாறினால் முழு எடையும் அம்மாவின் கழுத்தெலும்பில் தொங்கும்.

எழுத்தில் படித்துச் செய்வதற்கும் பக்கத்தில் நின்று ஒருவர் காட்டிக்கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, ஒரு முறையாவது அம்மா செய்யும்போது அருகில் இருந்து திருத்தச் சொல்லுங்கள்.

கோரிமேடு வாசகர் எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தெரியவில்லை. நாள் கூலிக்கு உடல்வலு உள்ள இரண்டு ஆட்களை அமர்த்தி, ஒருவர் அக்குளிலும் ஒருவர் முழங்காலின் கீழும் பிடித்துத் தூக்கி வைத்தால் ஒரு நிமிட வேலை. என் மாமனாருக்கு அப்படித்தான் செய்தோம்.

இயன்முறை மருத்துவர், அஸ்தம்பட்டி எழுதியது:

ஐயா, வலுவான ஆட்கள் தூக்கினாலும் அக்குளில் விசை விழும்போது தோளுக்கு நேரும் கேடு ஒன்றுதான். அதைவிட முக்கியமாக, ஏழாவது வாரத்தில் இருக்கும் ஒரு நோயாளியின் கால்களும் இடுப்பும் உடம்பும் நாள்தோறும் பத்து முறை எழுந்து உட்காருவதால்தான் மீளத் தொடங்கும். அந்தப் பத்து முறையும் பிறர் தூக்கி வைத்தால் அவருக்கு மிச்சமிருக்கும் வலுவும் குறைந்துபோகும். முற்றிலும் எழ இயலாதவர்களுக்கும்கூட வழுக்கும் விரிப்பு, சறுக்குப் பலகை, தொட்டில் வைத்த தூக்கும் எந்திரம் என்று கருவிகள் இருக்கின்றன. வெறும் கையால் தூக்குவது அவர்களுக்கும் ஏற்றதல்ல.

தறிக்காரர், அம்மாப்பேட்டை எழுதியது:

சகோதரி, நான் மருத்துவம் அறிந்தவன் அல்லன், குழித்தறியில் நெய்பவன். என் தாயாரை நான்கு ஆண்டுகள் இதே நிலையில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதல் ஆறு மாதம் கயிற்றுக் கட்டில்தான் இருந்தது. அதன் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அம்மாவை விளிம்புக்கு நகர்த்தினால் கயிறு தொய்ந்து மீண்டும் பள்ளத்துக்கே போய்விடுவார். எழுப்ப முடியாததற்கு என் பலவீனம்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பலகைக் கட்டிலுக்கு மாற்றியபோது பாதி வேலை குறைந்தது. அப்போதும் கட்டில் 14 அங்குல உயரம்தான். சக்கர நாற்காலியின் இருக்கை 19 அங்குலம். தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு ஏற்றுவது என்பது மேட்டில் வண்டி தள்ளுவது போன்றது. தச்சரிடம் சொல்லி, நடுவில் குழி எடுத்த மரக்கட்டைகளைச் செய்து நான்கு கால்களும் அந்தக் குழியில் அமருமாறு வைத்தோம். வெறும் செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள். என் தம்பி அப்படி வைத்து, ஒரு நாள் கால் செங்கல்லிலிருந்து இறங்கிக் கட்டிலே சாய்ந்தது. உங்கள் கட்டிலின் உயரத்தையும் இருக்கையின் உயரத்தையும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிவதும் அவசியம் என்பதால் அளவுக்கு மீறி உயர்த்தவும் கூடாது.

இரண்டாவது, எண்ணுவது. நாங்கள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணித் தூக்குவோம். நான் மூன்று என்று சொல்லும்போதே தூக்குவேன். என் மனைவி மூன்று சொல்லி முடித்த பிறகு தூக்குவார். அந்த அரை நொடியில் அம்மாவின் எடை முழுவதும் என் பக்கம் வந்து விழும். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, அம்மாவே ‘எழுந்திரிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், அதன் பிறகே கையை வைப்பது என்று வைத்துக்கொண்டோம். யாருடைய உடம்போ அவரே சொல்வதுதான் முறை என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது, உங்கள் அம்மா கண்ணாடி வளையலும் நீளமான தாலிக் கொடியும் அணிபவராக இருந்தால் வளையலைக் கழற்றிவிட்டு, கொடியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். தடுமாறுகிற மனிதர் கைக்கு எட்டியதைத்தான் பற்றுவார். முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

நாகலூர் மகள் எழுதியது:

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன்: கட்டில் மெத்தையோடு 17 அங்குலம், நாற்காலி 19 அங்குலம். டயரில் காற்று உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. ஏற்காடு பேருந்து நிலையத்தருகே சைக்கிள் கடையில் அடைத்துக்கொண்டு வந்தேன். இப்போது பிரேக் போட்டால் தள்ளினாலும் அசையவில்லை.

தலையணையை மாற்றுவதில்தான் சிக்கல். இப்போது தெற்கே தலைவைத்துப் படுத்திருக்கிறார். மாற்றினால் வடக்கே தலை வந்துவிடும். வீட்டில் நோயாளி இருக்கும்போது வடக்கே தலைவைக்கச் சொல்கிறாயா என்று அம்மா ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டார். அப்பாவும் அம்மா பக்கம்தான்.

இன்னொரு கேள்வியும் உண்டு. காலையில் எழுப்பி உட்கார வைத்து உடனே நிற்க வைத்தால் அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நேற்று நின்றவுடன் முகம் வெளுத்து, வியர்த்து, மீண்டும் உட்கார்ந்துவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மேலும் வரும் வாரம் பரிசோதனைக்குச் சேலத்துக்குக் காரில் அழைத்துப் போக வேண்டும்.

தறிக்காரர், அம்மாப்பேட்டை எழுதியது:

தலையைத் திருப்புவானேன், கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிடுங்கள். தெற்கே தலை அப்படியே இருக்கும். சுவர் இடப்பக்கம் போய்விடும்.

ஓய்வுபெற்ற செவிலியர், சூரமங்கலம் எழுதியது:

மகளே, கண் இருட்டுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படுத்த நிலையிலிருந்து நிற்கும்போது மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அது நிலைமாற்றத்தால் வரும் அழுத்தத் தாழ்வு. நாட்கணக்கில் படுத்திருந்தவர்களுக்கும், அழுத்தத்துக்கும் சிறுநீர் போகவும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது மிகுதியாக வரும். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் படுத்திருக்கும்போது ஒன்று, நின்ற பிறகு ஒன்று என்று இரண்டு நாட்கள் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். இடைக்காலத்தில், எழுந்ததும் தலையணைகளை அடுக்கிச் சாய்வாகச் சில நிமிடம், பிறகு கால்களைத் தொங்கவிட்டு விளிம்பில் மூன்று நான்கு நிமிடம் என்று படிப்படியாக எழுப்புங்கள். உட்கார்ந்தபடியே வலக்கணுக்காலை மேலும் கீழும் இருபது முறை ஆட்டச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிக்கொடுக்கும். முகம் வெளுத்தால் நாற்காலியை மறந்துவிட்டு மீண்டும் படுக்க வையுங்கள்.

சிறுநீர்க் குழாயும் பையும் இன்னும் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மாற்றுவதற்கு முன் பையைக் கட்டிலின் சட்டத்திலிருந்து எடுத்து நாற்காலியின் கீழ்ச்சட்டத்தில் முதலிலேயே மாட்டிவிட வேண்டும். ஆளை நாற்காலிக்கும் பையைக் கட்டிலுக்குமாக விட்டுவிட்டுக் குழாய் இழுபட்டு இரத்தம் வந்த நோயாளிகளை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மடியில் வைக்கக் கூடாது.

விழப்போகிறார் என்று தெரிந்தால் அம்மா அவரைப் பிடித்து நிறுத்த முயலவே கூடாது. 48 கிலோ எடையுள்ளவர் 72 கிலோவைத் தாங்க முயன்றால் இருவரும் விழுவார்கள். பட்டையை விடாமல், ஒரு காலைப் பின்னால் வைத்து, அவரைத் தம் தொடைமீது சாய்த்து, அப்படியே தொடை வழியாகத் தரைக்கு வழுக்கவிட வேண்டும். தலை மட்டும் எதிலும் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். தரையில் உட்கார்ந்தவரை உடனே தூக்கப் பதறாதீர்கள். போர்வை போர்த்தி, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம்; அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலும் அப்படியே. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

கார்ப் பயணத்துக்கு முன்னிருக்கை, அதாவது ஓட்டுநருக்கு இடப்பக்க இருக்கை வசதியானது. இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, முதுகுப் பகுதியைச் சற்றுச் சாய்த்துவிடுங்கள். சக்கர நாற்காலியை, கார் பார்க்கும் திசையையே பார்த்தவாறு திறந்த கதவுக்கும் இருக்கைக்கும் இடையே கொண்டுவந்தால் கார் அவருடைய வலப்பக்கம் அமையும். வெளிப்பக்கம் பார்த்தவாறு முதலில் பிட்டம், பிறகு தலை கூரையில் இடிக்காமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு உடம்பு, கடைசியில் கால்கள் என்று உள்ளே போக வேண்டும். இருக்கைமீது ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் உறையை விரித்தால் உட்கார்ந்தபடியே எளிதாகத் திரும்பலாம். திரும்பியதும் அதை உருவி எடுத்துவிடுங்கள், இல்லையேல் பிரேக் போடும்போது வழுக்குவார். கார் நிற்கும் இடம் சரிவாக இருக்கக் கூடாது. உங்கள் ஊரில் சமமான இடம் தேடுவதே பெரிய வேலை என்பதையும் அறிவேன். இறங்கும்போது நாற்காலி அவருடைய இடப்பக்கம் வரும் என்பதால் அது கடினமான பக்கம். சேலத்தில் இறங்குமிடத்தில் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும்.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உடம்பு இடமும் வலமுமாகச் சாயும். நாம் அனிச்சையாக நிமிர்ந்துகொள்வோம். அவரால் இடப்பக்கம் சாய்ந்தால் மீள முடியாது. இருக்கைப் பட்டையோடு, இடுப்புக்கும் கதவுக்கும் இடையே ஒரு கெட்டித் தலையணையைச் செருகி, இடக்கையை மடியில் வையுங்கள். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாகலூர் மகள் எழுதியது:

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

எதிர்ச் சுவரில் பீரோ இருந்தது. அதைக் காலி செய்து நகர்த்த மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்பட்டன. இப்போது கட்டில் அங்கே, தலை தெற்கே, சுவர் இடப்பக்கம். நாற்காலி நிற்கும் திசை இதனால் தலைகீழாக மாறிவிட, முதல் இரண்டு நாட்கள் நாங்களே குழம்பினோம். பிறகு பள்ளியிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்து தரையில் சக்கரங்களின் இடத்தைக் கோடிட்டு, போவதற்கு வெள்ளை, வருவதற்கு மஞ்சள் என்று வைத்தோம். கட்டிலையும் தச்சர் இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தார்.

சுகாதார நிலையத்திலிருந்து இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் இருந்தார். அம்மா பட்டையை மேல்நோக்கி இழுப்பதைக் கண்டு, ‘நீங்கள் தூக்காதீர்கள் அம்மா, அவர் முன்னால் வரும்போது கூடவே பின்னால் போங்கள்’ என்று சொல்லி, தாமே நோயாளியாக உட்கார்ந்து அம்மாவைச் செய்ய வைத்தார். அப்பா வலப்பக்கமாகவே எதையும் பார்ப்பதால் நாற்காலியின் இடப் பிரேக்கைப் போட மறந்துவிடுகிறார் என்றும், அந்தப் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைக்குமாறும் சொன்னார். தோளைச் சேலத்தில் காட்டினோம். தாங்குபட்டை கொடுத்திருக்கிறார்கள், வலி குறைந்திருக்கிறது. அழுத்த மாத்திரையின் நேரத்தை மருத்துவர் மாற்றினார். சிறுநீர்க் குழாயை முன்பே எடுத்துவிட்டார்கள்.

நேற்று நான் பள்ளி விட்டு வந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யார் உதவினார்கள் என்று கேட்டேன். தான் மட்டும்தான் என்றார் அம்மா. மீண்டும் கட்டிலுக்குப் போகும் நேரத்தில் அப்பா குனிந்து, வலக்கையால் இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புத் துணியைத் தேடிப் பிடித்து இழுத்தார். ‘மஞ்சள் கோட்டில் நிற்கவில்லை, இன்னும் கொஞ்சம் பின்னால் போ’ என்று அம்மாவைக் கணக்குப்பிள்ளையின் குரலில் திருத்தவும் செய்தார்.

குளியலறை வாசலில் நான்கு அங்குலப் படி ஒன்று இருக்கிறது. கமோடு நாற்காலியை அதன் வழியே எப்படிக் கொண்டுபோவது என்பதைத் தனியே கேட்கிறேன்.